சுதந்திர தின வாரத்தில் மூன்று நாள் உபவாசமும் மதுவிலக்கு உறுதிமொழியும்: திட்டத்தில் ஓட்டை எங்கே?

சேகரச்செயலர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தென்மாவட்டத்தில் ஒரு கிராமச் சேகரம், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி, சுமார் 140 குடும்பம். இந்த ஆண்டு ஆகஸ்ட் 15 சனிக்கிழமை வருகிறது. "தேசத்துக்காக ஜெபம்" என்று வருஷாவருஷம் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதோடு முடிக்காமல், ஊரைப் பிடித்திருக்கும் குடியைக் கையில் எடுக்கலாம் என்று சேகரக் கமிட்டியில் தீர்மானம் போட்டிருக்கிறோம். திட்டம் இது:

வெள்ளி காலை தொடங்கி ஞாயிறு ஆராதனை வரை உபவாச ஜெபம். குடிப்பவர்களை வீட்டார் அழைத்து வந்து ஆலய வளாகத்திலேயே தங்கவைப்பார்கள். தண்ணீரும் இளநீரும் மட்டும். ஞாயிறு காலை 8.30 ஆராதனையில் அவர்களைப் பீடத்துக்கு முன் வரவழைத்து, அச்சடித்த உறுதிமொழித் தாளில் கையெழுத்து, பிறகு திருவிருந்து. மதியம் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் உள்ள டாஸ்மாக் கடையை அகற்றக் கோரி ஊர்வலம்.

கேள்விகள் மூன்று. உபவாசத்தில் உடல்நிலை சார்ந்து ஏதாவது கவனிக்க வேண்டுமா? கடையை அகற்ற யாரிடம், எப்படி மனு கொடுப்பது? எங்கள் குருவானவர் ஐயா பிரசங்கத்துக்கு வசனப் பகுதி கேட்கிறார். எபேசியர் 5:18 தவிர வேறு என்ன எடுக்கலாம்?

நைட்_டூட்டி:

செயலர் ஐயா, முதல் கேள்விக்கு மட்டும் பதில். அதைப் படித்துவிட்டு அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். கோபிக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை ஆரம்பிக்கும். 12 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி வரை டெலீரியம் ட்ரெமென்ஸ் என்ற கட்டம் வரலாம்: ஆள் அடையாளம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், காய்ச்சல் ஏறும், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் தாறுமாறாகும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகிற நிலை அது. இப்போது உங்கள் திட்டத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். வியாழன் இரவு 9 மணிக்குக் கடைசி குவாட்டர் என்றால் ஞாயிறு காலை 8.30 ஆராதனை ஏறக்குறைய 60-வது மணி. ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அவரைப் பீடத்துக்கு முன் நிறுத்துகிறீர்கள். அங்கே அவர் உளறினாலோ விழுந்தாலோ "பிசாசு அலைக்கழிக்கிறது" என்று நாலு பேர் சொல்வார்கள், கைவைத்து ஜெபிப்பார்கள், 108-க்கு அழைக்க வேண்டிய அரைமணி நேரம் போய்விடும்.

உபவாசம் இதை இன்னும் மோசமாக்கும். நாட்பட்ட குடியில் உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, ஏற்கெனவே வற்றிப்போயிருக்கும். சாப்பாடும் நிறுத்தினால் கண் அசைவு கோணல், தள்ளாட்டம், குழப்பம் மூன்றும் சேர்ந்த மூளைப் பாதிப்பு வரலாம். சரியான நேரத்தில் கவனிக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். அதனால்தான் மருத்துவமனையில் இப்படிப்பட்டவருக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன்போ கூடவோ தயமின் ஊசி போடுவார்கள். "சோர்ந்துவிட்டார், ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடுங்கள்" என்று பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனால், குடிக்கிறவர் என்பதை முதலில் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதுதான் வழக்கம்.

அளவு பற்றியும் தெளிவு வேண்டும். "ஒரு குவாட்டர்தான் போடுறாரு" என்பார்கள். 180 மில்லி, 42.8 சதவீதம் சாராயச் சத்து என்றால் அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். மருத்துவக் கணக்கில் 10 கிராம் ஓர் அலகு. ஆக ஒரு குவாட்டர் 6 அலகு. தினமும் அது உள்ளே போகிற உடம்பு லேசான உடம்பில்லை.

வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாதவர்கள்: முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்தவர், காலையில் எழுந்ததும் கைநடுக்கம் தீரக் குடிப்பவர், மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல், ரத்த வாந்தி இருப்பவர், தலையில் அடிபட்டவர், தற்கொலைப் பேச்சு பேசுபவர், வயதானவர், கர்ப்பிணி. இவர்களை நேராக மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு. அரசு 2025-ல் தொடங்கிய "கலங்கரை" போதை மீட்பு மையங்களையும் விசாரியுங்கள். மற்றவர்களும் மருத்துவர் பார்த்த பிறகுதான். வழக்கமாக குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையைக் கூடுதலாகத் தொடங்கி 5 முதல் 7 நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம் மாதிரி வேறு மாத்திரை. பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த மாத்திரையைக் கொடுப்பது வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு மேலே குடித்தால் மூச்சு நின்றுபோகலாம்.

உபவாசம் இருங்கள், நல்ல காரியம். இருக்க வேண்டியது கமிட்டியும் சபையும். குடிநோயாளிக்கு மூன்று வேளை சோறு போடுங்கள்.

பனங்காட்டான்:

மேலே சொன்னதோடு ஒன்று. "வளாகத்தில் தங்கவைப்பார்கள்" என்றால் ஓடிவிடாமல் கேட்டைப் பூட்டுவீர்களா? 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். மத நம்பிக்கையை நம்பித்தான் குடும்பங்கள் அந்த ஊருக்கு அவர்களைக் கொண்டுவந்தன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மதுவால் வரும் மனநலக் கோளாறும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. பதிவு பெறாமல் ஆட்களைத் தங்கவைத்து "சிகிச்சை" கொடுக்கும் இடம் ஜெபவீடாக இருந்தாலும் சிக்கல்தான்.

மாலைஜெபம்:

சேகரத்துப் பொறுப்பில் இருக்கும் குருவானவர்கள் பக்கத்திலிருந்து சில.

உறுதிமொழித் தாள் வேண்டாம் என்பேன். கையெழுத்துப் போட்டவர்களில் பலர் ஒரு மாதத்துக்குள் மறுபடி குடிப்பார்கள். அது இந்த நோயின் இயல்பு. பீடத்துக்கு முன் ஊர் பார்க்கக் கையெழுத்திட்டவன் தவறினால் அவனுக்கு இப்போது இரண்டு பாரம்: குடி ஒன்று, பொருத்தனையை முறித்த குற்றவுணர்வு ஒன்று. விளைவு, ஆலயத்துக்கு வருவதையே நிறுத்துவான். அதே காரணத்துக்காகத்தான் விடுபட்ட சூட்டோடு மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பதும் கூடாது. ஓராண்டாவது போகட்டும். விண்ணப்ப ஜெபத்தில் பெயர் சொல்லி "குடிப்பழக்கத்திலிருந்து விடுதலை" என்று வாசிப்பதும் அப்படித்தான். பிள்ளைகள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உறுதிமொழி கட்டாயம் வேண்டுமென்றால் சபை எடுக்கட்டும். நம் வீட்டுக் கல்யாணத்தில், பாலகர் ஞானஸ்நான விருந்தில், கிறிஸ்துமஸ் இரவில் மொட்டைமாடியில் தனிப் பந்தி கிடையாது. அசனம் என்னும் ஆலய விருந்துக்குச் சமைக்க வருகிறவர்களுக்கு, பந்தல் போடுகிறவர்களுக்குக் கூலியோடு "பாட்டில்" கிடையாது. தேர் தூக்குகிறவர்களுக்கு, கல்லறைக் குழி வெட்டுகிறவர்களுக்குச் சாராயக் காசு கொடுக்கும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதை நிறுத்திக் கூலியை உயர்த்திக் கொடுக்கலாம். இதெல்லாம் கமிட்டி தீர்மானப் புத்தகத்தில் ஏறக்கூடிய விஷயம், மறுநாளே நடைமுறைக்கு வரும்.

திருவிருந்து ரசம். நொதித்த திராட்சரசம் பயன்படுத்துகிற சபை என்றால் விடுபட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு மிடறும் பிரச்சினை. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரை சாப்பிடுபவருக்கு உடம்பே கொந்தளிக்கும். நொதிக்காத ரசம் சிரமமில்லை: விதையில்லாத கறுப்பு உலர் திராட்சை 250 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் அதே தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, பிசைந்து துணியில் வடிகட்டுங்கள். கொதிநிலைச் சூட்டில் சுத்தமான பாட்டிலில் ஊற்றி மூடி, ஆறியதும் ஃப்ரிட்ஜில். சனிக்கிழமை செய்து ஞாயிறு முடித்துவிட வேண்டும். நம் வெயிலில் வெளியே இரண்டு நாள் வைத்தால் அதுவே பொங்க ஆரம்பித்துவிடும், பிறகு "நொதிக்காத ரசம்" என்று பெயர்தான் மிஞ்சும். மெத்தடிஸ்டுகள் மத்தியில் 1869-லேயே தாமஸ் வெல்ச் செய்தது இந்தச் சூடாக்கும் வேலையைத்தான். கத்தோலிக்க நண்பர்கள் யாராவது கேட்டால்: அங்கே அப்பத்தை மட்டும் உட்கொண்டாலும் நற்கருணை முழுமையே. குருவானவருக்கே பிரச்சினை என்றால் ஆயர் அனுமதியோடு மஸ்டம், அதாவது நொதித்தல் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்ட திராட்சைச் சாறு.

வசனப் பகுதிக்கு வருகிறேன். எபேசியர் 5:18 நல்லதுதான், ஆனால் அது குடிப்பவனை மட்டும் பார்க்கிறது. தேசத்தைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் ஆபகூக் 2 எடுங்கள். 15-ம் வசனம் குடிக்கிறவனுக்கு அல்ல, தோழனுக்குக் குடிக்கக் கொடுத்து வெறிக்கப்பண்ணுகிறவனுக்கு "ஐயோ" சொல்கிறது. அதே அதிகாரத்தில் மூன்று வசனம் முன்னால் இரத்தப்பழியால் பட்டணத்தைக் கட்டுகிறவனுக்கு ஐயோ. இரண்டையும் சேர்த்து வாசித்தால் நம் மாநில வரவுசெலவுத் திட்டம் கண்முன் வரும். 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். 2023-24-ல் மதுவால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பொதுச் சுகாதாரத்துக்குக் கேடான மதுவை விலக்க அரசு முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி, நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் பிரசங்கம் நேர்மையாக இருக்கும்.

ஒன்றை மறைக்க வேண்டாம். முழு மதுவிலக்கு ஒன்றே தீர்வு என்று பிரசங்கிப்பது எளிது. 1937 அக்டோபர் 1-ல் சேலத்தில் ராஜாஜி தொடங்கினார், 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்ப வந்தது, 1981-ல் மறுபடி போனது. கடை இருக்கும்போதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கடையை மூடினால் கள்ளச்சாராயம் கூடும் என்பவரும், கடை இருந்தும் அது வந்ததே என்பவரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். இருவருக்கும் பதில் வைத்திருங்கள்.

சேகரச்செயலர்:

ரொம்ப நன்றி ஐயா, நைட்_டூட்டி சிஸ்டர். தங்கவைக்கும் யோசனையை விட்டுவிட்டோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு கேள்வி வந்தது: நகரத்துக் கடையில் "குடியை மறக்க வைக்கும் மருந்து" வாங்கிக் குழம்பில் தெரியாமல் கலந்து கொடுக்கலாமா என்று. சிலர் ஏற்கெனவே செய்வதாகத் தெரிகிறது.

நைட்_டூட்டி:

கூடவே கூடாது, இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் டைசல்பிராம். உள்ளே மாத்திரை இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து, இதய நோயுள்ளவர் என்றால் அங்கேயே முடிந்துவிடலாம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகுதான் அதைத் தொடங்கவே வேண்டும். நிறுத்திய பிறகும் 14 நாள் வரை வேலை செய்யும். சாராயம் கலந்த இருமல் டானிக் கூட ஆகாது. சாப்பிடுகிறவர் முழுச் சம்மதத்தோடு, இதயமும் கல்லீரலும் பரிசோதித்த பிறகு மருத்துவர் எழுதிக் கொடுக்கிற மாத்திரை. பெயர் ஒட்டாத பொடி என்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று கடைக்காரருக்கே தெரியாது.

சங்கத்துப் பெண்களுக்குப் பயன்படுவது வேறு. நாலு கேள்வி மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள்: குறைக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியதா? அவர் குடியைப் பற்றி மற்றவர் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததற்காகக் குற்றவுணர்வு உண்டா? காலையில் எழுந்ததும் குடிக்கிறாரா? இரண்டுக்கு "ஆம்" என்றால் மருத்துவரிடம் போகும் நேரம் வந்துவிட்டது. நாலாவதற்கு மட்டும் ஆம் என்றாலும் போகலாம்.

அடி வாங்குகிற வீடுகள் இருக்கும். அங்கே "பொறுமையாய் இரு அம்மா, ஜெபிப்போம்" என்பது முதல் வார்த்தையாக இருக்கக் கூடாது. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநலத்துக்கு 14416. ஆலய அறிவிப்புப் பலகையிலும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டுங்கள். உள்பக்கம்தான் முக்கியம், அங்கே நின்று குறித்துக்கொள்வதை யாரும் பார்க்க மாட்டார்கள். கள்ளச்சாராயத் தகவலுக்கு 10581. குடித்தபின் கண் மங்கினால், வயிறு வலித்தால், மூச்சு வாங்கினால் தூங்கவிடாமல் உடனே 108.

கீழ்க்கோர்ட்_வக்கீல்:

இரண்டாவது கேள்வி அநாதையாகக் கிடக்கிறதே என்று வந்தேன்.

ஊர்வலத்தில் தொடங்காதீர்கள், அளவு நாடாவில் தொடங்குங்கள். 2003-ம் ஆண்டு மதுபானச் சில்லறை விற்பனை விதிகளின்படி வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம் இவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக் கூடாது. உங்களுடையது ஊராட்சி என்றால் 100. கடை வந்த பிறகு கட்டிய ஆலயத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, எனவே ஆலயம் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்பதற்கு வரி ரசீதோ பழைய பதிவேடோ தேவை. வருவாய்த்துறை அளந்தால் எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே, எந்தப் பாதை வழியே அளந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் தோற்கின்றன: மனுதாரர் காக்கை பறக்கும் தூரத்தைச் சொல்வார், அதிகாரி நடைபாதைத் தூரத்தைச் சொல்வார்.

100 மீட்டரைத் தாண்டிய கடை என்றால் விதியை விட்டுவிட்டுப் பாதிப்பைப் பேச வேண்டும்: பள்ளிப் பிள்ளைகள் செல்லும் வழி, பேருந்துக்கு நிற்கும் பெண்கள், அந்த இடத்தில் பதிவான வழக்குகள். காவல் நிலையத்தில் பதிவான புகார்களின் விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்கலாம்.

நல்ல வேளையாக ஆகஸ்ட் 15 கிராம சபை நாள். அங்கே தீர்மானம் வையுங்கள். குறைவெண் வரம்பு, அதாவது குறைந்தபட்சம் வர வேண்டியவர் எண்ணிக்கை, கவனம்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வராவிட்டால் தீர்மானம் செல்லாது. சபையார் மட்டும் திரண்டு போனால் "கிறிஸ்தவர்கள் கொண்டுவந்த தீர்மானம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். கோயில் கமிட்டி, ஜமாத், சுய உதவிக் குழுக்கள் எல்லாரையும் முன்கூட்டியே பாருங்கள், தீர்மானத்தை முன்மொழிகிறவர் நம் சபைக்காரராக இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானம் போட்டவுடன் கடை மூடிவிடாது. அது மனுவுக்குப் பலம், அவ்வளவுதான்.

பிறகு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு. நகல் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் கலால் உதவி ஆணையருக்கும். இணைப்பில் தீர்மான நகல், இட வரைபடம், தேதி தெரியும் புகைப்படங்கள். ஒரே கோரிக்கை, ஒரே பக்கம். மனு எண் இல்லாமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக அந்த எண்தான் வாசல்.

ஒரு சங்கடமான விஷயம். கடைகள் பெரும்பாலும் தனியார் வாடகைக் கட்டடத்தில்தான் நடக்கின்றன. கட்டட உரிமையாளர் யார் என்று முதலில் விசாரியுங்கள். நம் சபையாராகவே இருந்தால் மனுவுக்கு முன் ஐயா அவர் வீட்டுக்கு ஒரு நடை போவது நல்லது. வாடகையை விட்டுக்கொடுக்க அவர் சம்மதித்தால் ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியதே இல்லை.

தேர்தல் அறிவித்த பிறகு இதைச் செய்தால் பிரசங்க மேடையில் கட்சிப் பெயரோ வேட்பாளர் பெயரோ வரக் கூடாது. வழிபாட்டுத் தலத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதை நடத்தை விதிகள் தடுக்கின்றன. 1988-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஆலய நிர்வாகிகளையே பொறுப்பாக்குகிறது. மதுவைப் பற்றிப் பேச எந்தத் தடையும் இல்லை. ஊர்வலத்துக்கு எழுத்து மூலம் காவல்துறை அனுமதி வாங்குங்கள்.

மாலைஜெபம்:

வக்கீல் சார் சொன்னதில் கட்டட உரிமையாளர் விஷயம் பொன்னான யோசனை. ஆலய நிதிக்கு அந்த வாடகையில் தசமபாகம் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும், அதைக் கமிட்டி முடிவு செய்யட்டும்.

பிற்பாடு என்ன என்பதற்கு ஒரு யோசனை. குடியிலிருந்து மீள்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவுக்கு வாரம் ஒரு மாலை ஒரு அறை கொடுங்கள். ஒன்றரை மணி நேரம், பக்கவாட்டு வாசல், பெயர்ப்பலகை வேண்டாம். அவர்கள் எந்தச் சபையையும் சாராதவர்கள், வெளியார் காணிக்கையை வாங்க மாட்டார்கள், எனவே சிறு தொகை வாடகையாகக் கேட்டு வாங்குங்கள். இலவசம் என்று பெருந்தன்மை காட்டினால் அவர்கள் மரபுக்கு இடைஞ்சல். குருவானவர் உள்ளே போய் ஆரம்ப ஜெபம் செய்யக் கூடாது, பிரசங்கம் செய்யக் கூடாது. இந்து, முஸ்லிம் சகோதரர்கள் தயங்காமல் வருவதற்கு அதுதான் வழி. அதே நேரத்தில் குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டம் வேறு அறையில் நடந்தால், மனைவி தனியாக வர வேண்டிய கூச்சம் இருக்காது.

பட்ஜெட்டில் ஒரு தலைப்பு போடுங்கள்: மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வண்டி வாடகை, துணைக்கு இருப்பவருக்குச் சாப்பாடு, உள்நோயாளியாக இருக்கும் நாட்களில் வீட்டுக்கு அரிசி பருப்பு. கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள், கடனை அடைக்காதீர்கள். நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்துவிட்டு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான் அல்லவா, அந்தத் "திரும்பி வரும்போது" நம் சேகரங்களில் எந்தக் கணக்கிலும் இருப்பதில்லை.

சேகரச்செயலர்:

குறித்துக்கொண்டேன். திருத்திய திட்டம்: வெள்ளி மாலை கமிட்டி மட்டும் உபவாசம், சனி கிராம சபையில் தீர்மானம், ஞாயிறு ஆபகூக் 2, விருந்துகள் பற்றிய சபைத் தீர்மானம் வாசிப்பு, நொதிக்காத ரசம், திங்கள் ஆட்சியர் அலுவலகம். மருத்துவமனைக்கு வரச் சம்மதிப்பவர்களை அதற்கு முந்தின வாரமே செவ்வாய், புதனில் இரண்டு இரண்டு பேராகக் கூட்டிப்போகப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் துணைக்கு ஆட்கள் கேட்டிருக்கிறோம். கட்டடம் யாருடையது என்று நாளைக்கு விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.